தடம் பதிக்காத வாக்குகள்

2023 ஆகஸ்ட் 7-ம் தேதி இரவு. தில்லி அரசின் அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் உரிமை யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் மசோதா மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிர்க்கட்சிகள் ஒவ்வோர் உறுப்பினரையும் தேடிப் பிடித்து அவைக்கு அழைத்து வந்திருந்தன. தொண்ணூறு வயதைக் கடந்துவிட்ட முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்தார். மசோதாவுக்கு ஆதரவாக 131 வாக்குகளும், எதிராக 102 வாக்குகளும் பதிவாயின. மசோதா நிறைவேறியது என்றாலும், யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது நாடாளுமன்ற ஆவணத்தில் என்றென்றும் இருக்கும்.

அதற்கு ஐந்து நாள்கள் முன்பு, ஆகஸ்ட் 2-ம் தேதி, அதே அவையில் வேறொரு மசோதா நிறைவேறியது. 1980-ம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தும் மசோதா அது. அன்று யாரும் சக்கர நாற்காலியில் வரவில்லை. எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்திருந்தன. 'ஆம்' என்போர் 'ஆம்' என்றார்கள். குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறிவிட்டது. நாட்டின் காடுகளில் எவை சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும், எவை வெளியே நிற்கும் என்பதை மாற்றியமைத்த அந்த முடிவில், எந்த உறுப்பினர் ஆதரித்தார், எவர் எதிர்த்தார் என்பதற்கு இன்று ஒரு துண்டுக் காகிதம்கூடச் சான்றாக இல்லை.

எரிசக்தி, சுற்றுச்சூழல் ஆகிய துறைகளில் நமது மக்கள் பிரதிநிதிகளின் வாக்களிப்பு வரலாற்றை விமர்சிக்க முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் சங்கடம் இதுதான். விமர்சிப்பதற்கு வரலாறு வேண்டுமே!

அமெரிக்காவில் 1970-ம் ஆண்டு முதல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மதிப்பெண் பட்டியல் வெளியிட்டு வருகிறது. காற்று, நீர், காடு, எரிசக்தி தொடர்பான வாக்கெடுப்புகளில் ஒவ்வோர் உறுப்பினரும் எப்படி வாக்களித்தார் என்று கணக்கிட்டு, நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் வழங்கும் முறை அது. 2022 ஆகஸ்டில் தூய எரிசக்திக்குப் பெரும் நிதிச் சலுகைகள் அளித்த சட்டம், செனட் சபையில் ஐம்பதுக்கு ஐம்பது என்று சமமாக நின்று, துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஒற்றை வாக்கில் நிறைவேறியது. நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ஜோ மான்சின் அதற்கு முந்தைய ஆண்டு அரசின் பெரிய திட்டத்தை எதிர்த்ததும், பின்னர் இந்தச் சட்டத்தை ஆதரித்ததும் அந்த மாநில மக்களுக்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். 2025 ஜூலையில் அச்சலுகைகளில் பெரும்பகுதியை வெட்டிய சட்டமும் அதேபோல 51-க்கு 50 என்ற கணக்கில்தான் நிறைவேறியது. இம்முறை சமநிலையை உடைத்தவர் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ். ஆக, வாக்குகளைப் பதிவு செய்வதால் மட்டும் சுற்றுச்சூழல் காப்பாற்றப்பட்டுவிடாது. ஆனால், எவர் கொடுத்தார், எவர் பறித்தார் என்பது குடிமகனுக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் அவன் கணக்குக் கேட்க முடியும்.

அத்தகைய ஒரு மதிப்பெண் பட்டியலை இந்திய நாடாளுமன்றத்துக்குத் தயாரிக்க முனைந்தால் என்ன கிடைக்கும்? 2023 மழைக்காலக் கூட்டத்தொடர் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம்.

ஜூலை 25: பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. ஜூலை 26: வனப் பாதுகாப்புத் திருத்தம். ஜூலை 27: 42 சட்டங்களில் உள்ள 183 பிரிவுகளை ஒரே மூச்சில் திருத்திய 'ஜன் விஸ்வாஸ்' மசோதா. ஜூலை 28: சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத் திருத்தம். ஆகஸ்ட் 1: கடல்பகுதிக் கனிமங்கள் சட்டத் திருத்தம். ஒரு வாரத்துக்குள் ஐந்து மசோதாக்கள். மணிப்பூர் கலவரம் குறித்துப் பிரதமர் அவையில் விளக்கமளிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக்கொண்டிருந்த நாள்கள் அவை. அந்த அமளிக்கிடையே, ஆளும்கட்சியினரின் குரலே அவையின் குரலாயிற்று. அடுத்த சில நாள்களில் மாநிலங்களவையும் ஐந்துக்கும் ஒப்புதல் அளித்துவிட்டது.

இவை சாதாரணத் திருத்தங்கள் அல்ல. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் இயற்றப்பட்டது. போபால் விஷவாயுப் படுகொலையின் நிழலில் பிறந்த சட்டம் அது. விதிகளை மீறுவோருக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க அதில் இடமிருந்தது. 'ஜன் விஸ்வாஸ்' சட்டம் அந்தத் தண்டனையை அகற்றி, அதிகாரி ஒருவர் 10 ஆயிரம் ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதித்தால் போதும் என்றாக்கிவிட்டது. சிறைத் தண்டனை ஏட்டளவில்தான் இருந்தது, நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்கின, அபராதம் விரைந்து வசூலாகும் என்பது அரசுத் தரப்பு வாதம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால், ஒரு பெரும் தொழிற்சாலைக்கு 15 லட்சம் ரூபாய் என்பது தண்டனையா, கழிவை ஆற்றில் விடுவதற்கான கட்டணமா என்ற கேள்வியை அவையில் நின்று நிதானமாக எழுப்பி, பதிலைப் பெற்று, பின்னர் பெயர் சொல்லி வாக்களிக்கும் கடமை உறுப்பினர்களுக்கு இருந்தது. அக்கடமை நிறைவேறவில்லை.

வனப் பாதுகாப்புத் திருத்தத்தின் கதை இதைவிடக் கனமானது. காடு என்றால் என்ன? இந்தக் கேள்விக்கு 1996 டிசம்பர் 12-ம் தேதி உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. நிலம்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, தமிழகத்தின் கூடலூர் பகுதியில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்படுவதைக் கண்டு பொறுக்காமல் தொடுத்த வழக்கு அது. அகராதி எதைக் காடு என்று சொல்கிறதோ அதுவே காடு. நிலத்தின் உரிமையாளர் யாராக இருந்தாலும், அரசு அறிவிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் காட்டுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். நீலகிரியின் ஒரு மூலையில் எழுந்த வழக்கு இந்தியா முழுவதற்கும் கவசமாயிற்று.

2023 திருத்தம் அந்தக் கவசத்தைக் குறுக்கியது. முறைப்படி அறிவிக்கப்பட்ட காடுகளுக்கும், 1980 அக்டோபர் 25-க்குப் பிறகு அரசு ஆவணங்களில் காடு என்று பதிவானவற்றுக்கும் மட்டுமே சட்டம் பொருந்தும் என்றது. நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோ மீட்டர் தூரத்துக்குள் அமையும், தேசப் பாதுகாப்பு சார்ந்த சாலை போன்ற நெடுந்தொலைவுத் திட்டங்களுக்கு விலக்களித்தது. பாதுகாப்புக் கட்டமைப்புகளுக்கு 10 ஹெக்டேர் வரை விலக்கு. உயிரியல் பூங்காக்களும், வன உலா, சூழல் சுற்றுலா வசதிகளும் 'காடு சாராத பயன்பாடு' என்ற வரையறையிலிருந்தே நீக்கப்பட்டன.

100 கிலோ மீட்டர் என்பது தில்லியிலிருந்து பார்க்கும்போது சிறு தூரமாகத் தோன்றலாம். ஒருபுறம் வங்கதேசமும் மறுபுறம் மியான்மரும் சூழ்ந்த மிசோரமில் அந்தக் கோட்டுக்கு வெளியே ஓர் ஊர்கூடக் கிடையாது. அதனால்தான், சட்டம் நிறைவேறிய அதே மாதத்தில் மிசோரம் சட்டப்பேரவை அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

இந்த மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டதே என்று கேட்கலாம். அனுப்பப்பட்டது உண்மைதான். ஆனால், சுற்றுச்சூழல் துறைக்கென்று உள்ள நிலைக்குழுவுக்கு அனுப்பப்படவில்லை. அதன் தலைவராக அப்போது இருந்தவர் காங்கிரஸைச் சேர்ந்த ஜெய்ராம் ரமேஷ். அவர் ஆட்சேபித்தும் பயனில்லை. புதிதாக அமைக்கப்பட்ட 31 உறுப்பினர் கூட்டுக் குழு, மசோதாவில் எந்த மாற்றமும் தேவையில்லை என்று அறிக்கை அளித்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் ஆறு பேர் மறுப்புக் குறிப்பு எழுதினர். நாடு தழுவிய விவாதத்தில் பெயர் பொறித்த சான்றாக எஞ்சியிருப்பது அந்த ஆறு குறிப்புகள் மட்டுமே.

மக்களவை உறுப்பினர்கள் செய்யத் தவறியதை நீதிமன்றம் செய்ய வேண்டி வந்தது. கோதவர்மன் தீர்ப்பின் விளக்கத்தையே மாநிலங்கள் தொடர்ந்து பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரி 19-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஈடான நிலம் ஒதுக்காமல் காட்டின் பரப்பைக் குறைக்கக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் மீண்டும் கூறியது. நீதிமன்றம் எல்லை மீறுகிறது என்று அடிக்கடி குறைபட்டுக்கொள்ளும் நாடாளுமன்றவாதிகள், தாங்கள் காலியாக விட்ட இருக்கையில்தான் நீதிமன்றம் வந்து அமர்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஆளும்கட்சியை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. 'பிரிவு வாக்கெடுப்பு' கோரும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு. குரல் வாக்கெடுப்பின் முடிவை ஒருவர் மறுத்தால், வாக்குகள் பெயருடன் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதே பொது நடைமுறை. அவைத் தலைவர் சில வேளைகளில் அதை மறுப்பதுண்டு. 2020 செப்டம்பர் 20-ல் வேளாண் மசோதாக்களின்போது மாநிலங்களவையில் நடந்தது நாடறிந்தது. ஆனால், கேட்டு மறுக்கப்படுவது வேறு. கேட்கவே ஆளில்லாமல் வெளிநடப்புச் செய்துவிடுவது வேறு. வெளிநடப்புத் தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் ஒளிர்கிறது. அவைக் குறிப்பிலோ, எதிர்ப்பு வாக்குகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்பதற்கு ஒப்பாகிவிடுகிறது. தில்லி அதிகார மசோதாவுக்கு எதிராக 102 பேரைத் திரட்ட முடிந்த எதிர்க்கட்சிகளால், ஐந்து நாள்கள் முன்பு காட்டுக்காக அதே 102 பேரை அமர வைத்திருக்க முடியாதா? தோல்வி உறுதி என்பது இரண்டுக்கும் பொதுதானே!

கட்சிகளின் நிலைப்பாடு காலத்துக்கேற்ப எப்படி மாறுகிறது என்பதற்கு அணுசக்திச் சட்டங்களைவிடச் சிறந்த சான்று இல்லை. 2010 ஆகஸ்டில் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியபோது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. பழுதான கருவியால் விபத்து நேர்ந்தால், அதை வழங்கிய நிறுவனத்திடமிருந்து இழப்பீட்டைத் திரும்பப் பெறும் உரிமை அணுமின் நிலையத்துக்கு வேண்டும் என்று அன்று வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர்கள் பாரதிய ஜனதாவும் இடதுசாரிகளும். போபால் வழக்கின் தீர்ப்பு அந்த ஆண்டு ஜூனில் வெளியாகி நாடே கொதித்திருந்த நேரம். அரசு பணிந்தது, 17-வது பிரிவில் அந்த உரிமை இடம்பெற்றது. அன்னிய அணு உலை நிறுவனங்கள் பதினைந்து ஆண்டுகள் அந்தப் பிரிவையே குறையாகச் சொல்லி வந்தன.

2025 டிசம்பரில் பாரதிய ஜனதா தலைமையிலான அரசு கொண்டுவந்த 'சாந்தி' சட்டம், 1962-ன் அணுசக்திச் சட்டத்தையும் 2010-ன் இழப்பீட்டுச் சட்டத்தையும் ஒருசேர நீக்கியது. தனியார் நிறுவனங்கள் அணுமின் நிலையங்களை நடத்த வழி திறந்தது. அன்று அக்கட்சி போராடிப் பெற்ற, கருவி வழங்குநருக்கு எதிரான அந்தச் சட்டப்பூர்வ உரிமையையும் கைவிட்டது. அன்று தளர்வான சட்டத்தை விரும்பிய காங்கிரஸ், இன்று அதே தளர்வை எதிர்த்து வெளிநடப்புச் செய்தது. டிசம்பர் 17-ல் மக்களவை, 18-ல் மாநிலங்களவை என்று இரண்டே நாளில், இரண்டு அவையிலும் குரல் வாக்கெடுப்பிலேயே விஷயம் முடிந்தது. கூடங்குளம் கரையில் வாழும் மீனவர் ஒருவர், தமது தொகுதி உறுப்பினர் இந்த மாற்றத்தை ஆதரித்தாரா, எதிர்த்தாரா என்று ஆவணத்தைப் புரட்டிப் பார்த்தால் அங்கே விடை இருக்காது.

அணுசக்தியே கூடாது என்பதல்ல இங்கு வாதம். நிலக்கரிப் புகையைக் குறைக்க அதுவும் ஒரு வழி என்போர் உண்டு. அவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லி, பெயர் பதிவாகும்படி வாக்களிக்கட்டும். பதினைந்து ஆண்டுகளில் தாம் ஏன் மனம் மாறினோம் என்பதையும் விளக்கட்டும்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அல்லது நடக்காமல் போனது. தில்லியின் காற்று மாசு குறித்து மக்களவையில் விவாதிக்கப் பட்டியலிடப்பட்டிருந்தது. வேறொரு மசோதா தொடர்பான அமளியில் அவை டிசம்பர் 19-ல் காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது. விவாதம் நடைபெறவே இல்லை. உறுப்பினர்கள் அனைவரும் கட்சி வேறுபாடின்றிச் சுவாசிக்கும் காற்று பற்றிய விவாதம் அது என்பதுதான் வேடிக்கை.

மாநிலப் பேரவைகளின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. ஆரவல்லி மலைப்பகுதிக்குக் காப்பாக இருந்த 1900-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை ஹரியாணா பேரவை 2019 பிப்ரவரி 27-ல் நிறைவேற்றியது. எதிர்க்கட்சிகள் அங்கும் வெளிநடப்புச் செய்தன. இரண்டே நாளில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அதைச் செயல்படுத்தத் தடை விதித்தது. சத்தீஸ்கரிலோ, ஹஸ்தேவ் காட்டில் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்யுமாறு மத்திய அரசைக் கோரும் தீர்மானம் 2022 ஜூலை 26-ல் ஒருமனதாக நிறைவேறியது. ஆளும்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் ஒரே குரலில் பேசின. ஆனால், அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ராஜஸ்தானின் காங்கிரஸ் முதல்வர், தமது மாநில மின் நிலையங்களுக்கு நிலக்கரி வேண்டும் என்று சத்தீஸ்கரின் காங்கிரஸ் முதல்வரை நேரில் சந்தித்து வலியுறுத்தியிருந்தார். 2023 டிசம்பரில் ஆட்சி மாறியதும், தீர்மானத்தை ஆதரித்த பாரதிய ஜனதாவின் ஆட்சியிலேயே அங்கு மரங்கள் வெட்டப்பட்டன. அதே காட்டில் முதல் சுரங்கத்துக்கு 2011-ல் ஆலோசனைக் குழுவின் பரிந்துரையை மீறி அனுமதி அளித்தவர் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒருமனதான தீர்மானத்துக்கே இதுதான் கதி என்றால், குரல் வாக்கெடுப்பின் கதி பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வாக்குப் பதிவு இல்லாததற்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி பறிபோகும். 1985-ல் 52-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் வந்த பத்தாவது அட்டவணை அப்படி வகுத்துள்ளது. எனவே, ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கையும் பதிவு செய்து பயன் என்ன, கட்சியின் முடிவுதானே அவரது முடிவு என்கிறார்கள். விலை பேசி ஆட்சிகளைக் கவிழ்ப்பதைத் தடுக்க வந்த அட்டவணை, காடு பற்றியும் காற்று பற்றியும் உறுப்பினரின் மனசாட்சி வாய் திறக்க முடியாதபடி பூட்டுப் போட்டுவிட்டது என்பதைத்தான் இந்த வாதம் ஒப்புக்கொள்கிறது.

இதற்கான மருந்தும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அரசு கவிழும் அபாயமுள்ள வாக்கெடுப்புகளுக்கு மட்டுமே கொறடா உத்தரவு கட்டுப்படுத்த வேண்டும் என்று 1990-ல் தினேஷ் கோஸ்வாமி குழுவும், 1999-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தன. காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி இதே நோக்கில் 2010, 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அவரது கட்சி ஆண்டபோதும் அது சட்டமாகவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போதும் ஆகவில்லை. உறுப்பினரின் வாயைக் கட்டிவைப்பதில் கட்சித் தலைமைகளுக்குள் பேதமில்லை.

கொறடா உத்தரவு நீடித்தாலும்கூட, வாக்குப் பதிவு வீண் அல்ல. தொகுதியின் நலனுக்கு எதிராகக் கட்சி ஆணையிட்டபோது தமது உறுப்பினர் என்ன செய்தார் என்பது வாக்காளருக்குத் தெரிய வேண்டும். பேசினாரா, திருத்தம் கொடுத்தாரா, அவைக்கே வராமல் இருந்துவிட்டாரா? 2020 மார்ச்சில் நிறைவேறிய கனிமச் சட்டத் திருத்தம், நிலக்கரியை இன்ன பயனுக்குத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தி, வணிகச் சுரங்க ஏலத்துக்கு வழி வகுத்தது. மூன்றாண்டுகள் கழித்து, காவிரி டெல்டாவில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் தோன்றியபோதுதான் தஞ்சை விவசாயி திடுக்கிட்டான். எதிர்ப்பு கிளம்பியது, 2023 ஏப்ரலில் அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஆனால், 2020-லேயே அந்த மசோதாவை எவர் ஆதரித்தார் என்று தெரிந்திருந்தால், கேள்வி மூன்றாண்டுகள் முன்பே எழுந்திருக்கும்.

இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. மசோதாவை இறுதியாக நிறைவேற்றும் கட்டத்தில் பெயருடன் வாக்குப் பதிவு கட்டாயம் என்று இரு அவைகளும் தமது நடைமுறை விதிகளை மாற்றினால் போதும். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வோர் இருக்கையிலும் மின்னணு வாக்குப்பதிவு வசதி இருக்கிறது. சில நிமிட வேலை. 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டுக்கு 454 பேர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு என்று எண்ண முடிந்தது. 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதாவுக்கு நள்ளிரவைக் கடந்தும் 288-க்கு 232 என்று எண்ண முடிந்தது. காட்டுக்கும் காற்றுக்கும் மட்டும் எண்ண நேரமில்லை என்பதை யார் ஏற்பார்கள்?

விதி மாறும்வரை எதிர்க்கட்சிகள் காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த சுற்றுச்சூழல் மசோதா வரும்போது வாயிலை நோக்கி நடக்காமல், இருக்கையில் அமர்ந்து பிரிவு வாக்கெடுப்புக் கேட்கட்டும். மறுக்கப்பட்டால் அந்த மறுப்பாவது அவைக் குறிப்பில் ஏறும். ஆளும்கட்சியும் தனது கொள்கை நாட்டு நலனுக்கானது என்று நம்புமானால், தன் உறுப்பினர்களின் பெயரை அதன் கீழ் எழுதத் தயங்க வேண்டியதில்லை.

வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையில் அதன் வயதை வளையங்களாக எண்ணிவிடலாம். அதை வெட்ட அனுமதித்த கைகள் எத்தனை, அவை யாருடையவை என்பதை மட்டும் எண்ண முடியாத நிலையில் ஒரு ஜனநாயகம் இருக்கலாகாது. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் வாக்காளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எங்கள் வாக்கை வாங்கிச் சென்றீர்களே, உங்கள் வாக்கை எங்கே பதிவு செய்தீர்கள்?' என்பதாக இருக்கட்டும்.